தண்ணீர் பில்லும் ஒரு வார்த்தையும்

கேள்வி: டீச்சர், பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருக்கும் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், மூன்று நாளாகத் தண்ணீர் வராததைப் பற்றி எழுதும்போது "என்ன மயிருக்கு பில் மட்டும் மாசாமாசம் கரெக்டா வருது" என்று போட்டுவிட்டேன். ஒரு மாமா "வாயைக் கழுவு" என்றார். இன்னொருவர் என்னைக் குழுவை விட்டுத் தூக்கச் சொன்னார். கூட்டாளிகள் குழுவில் இதைவிட மோசமாக எழுதுகிறோம், யாரும் கண்டுகொள்வதில்லை. லேசான கெட்ட வார்த்தை எழுதுவது அவ்வளவு பெரிய தப்பா? எது வரைக்கும் போகலாம்? (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மாணவர்)

பதில்:

தம்பி, நீ எழுதியது பெரிய தப்பு இல்லை. உன் கோபம் நியாயமானது, அந்த வார்த்தையும் யாரையும் குறிவைத்துப் போகவில்லை. ஆனால் "கூட்டாளிகள் யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் இது சாதாரண வார்த்தை" என்று நீ போடும் கணக்கை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒரு வார்த்தை லேசானதா கனமானதா என்பதை அகராதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. யார் முன்னால் சொல்கிறாய், யாரைப் பார்த்துச் சொல்கிறாய், இந்த இரண்டையும் பார்த்தால்தான் தெரியும். தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கேட்டிருப்பது நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ யோசித்து வைத்த விஷயம். பள்ளியில் இடக்கரடக்கல் படித்திருப்பாய். மலம் கழித்துவிட்டு வந்ததைக் "கால் கழுவி வந்தேன்" என்று சொல்வது. நன்னூல் இதை மங்கலம், குழூஉக்குறி இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கு என்று வைக்கிறது. அதற்கும் முந்தைய தொல்காப்பியம், எச்சவியலில், "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல் என்று பொருள். அதற்கு அடுத்த நூற்பா எனக்கு இன்னும் பிடிக்கும்: "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்". மக்கள் பேச்சில் பழகிப்போன சொல் என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் என்று சாணத்தின் பெயர்களையே உரைகாரர்கள் கூச்சமே படாமல் உதாரணம் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் உன் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். தொல்காப்பியர் கெட்ட சொல் என்று ஒரு பட்டியல் போடவில்லை. அவை என்கிறார், பழக்கம் என்கிறார். உன் கூட்டாளிகள் குழுவில் அந்த வார்த்தை பழகிப்போனது, அங்கே அதை மறைத்தால்தான் செயற்கையாக இருக்கும். தோட்டத்துக் குழுவில் அதே வார்த்தை அவையல் கிளவி. ஒரே கைப்பேசியில், ஒரே விரலால் எழுதினாலும் நீ நிற்பது இரண்டு வேறு அவைகளில்.

"மயிர் என்ற சொல் திருக்குறளிலேயே இருக்கிறதே" என்று நீ கேட்கலாம், கெட்டிக்காரப் பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். இருக்கிறது. மானம் என்ற அதிகாரத்திலேயே இரண்டு இடத்தில் வருகிறது. மயிர் நீங்கினால் உயிர்வாழாத கவரிமா ஒன்று. தன் நிலையிலிருந்து தாழ்ந்துபோனவர்கள் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்குச் சமம் என்பது இன்னொன்று, அது 964ஆவது குறள். அந்தக் காலத்து அவையில் அந்தச் சொல் உறுத்தவில்லை. இன்று முடி என்று சொல்லிப் பழகிவிட்டோம், மயிர் என்பது ஏசுவதற்கான சொல்லாக ஒதுங்கிவிட்டது. குறளைக் காட்டி மாமாவின் வாயை அடைக்கப் பார்க்காதே. அவர் காதில் விழுந்தது இன்றைய சொல்தான்.

சரி, உன் தோட்டத்துக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டிமார்கள். பழைய கிராணியின் (தோட்டத்து எழுத்தரின்) மகள். ஷா ஆலத்துக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிள்ளைகள். கோயில் தலைவர். அம்மாவின் கைப்பேசியை வைத்து விளையாடும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியாகி, ஆட்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) சிதறிப்போன பிறகு, மறுபடி எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருப்பது அந்தக் குழுவில்தான். திருவிழாக் கணக்கு, இரத்தம் தேவை என்ற அவசரச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, இறப்புச் செய்தி எல்லாம் அதிலேதான் வருகின்றன.

இந்த ஆட்களுக்கும் ஏச்சுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது கொஞ்சம் பிந்தி வந்தால் கங்காணியோ மண்டோரோ ஏசுவார். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் நிரையில் நிறுத்தி வைத்து ஏசுவார். பால் குறைந்தால் ஸ்டோரில் எல்லார் எதிரிலும் ஏசுவார். வயதுக்கு வந்த பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது, அப்பாவை "வாடா, போடா" என்று இன்னொருவன் கூப்பிடுவதையும், அதோடு சேர்த்து நீ எழுதிய அதே வார்த்தையையும் கேட்டு வளர்ந்தவர்கள் உன் குழுவில் இருக்கிறார்கள். ஏச்சு அங்கே மேலிருந்து கீழேதான் வந்தது. வாங்கியவர் திருப்பித் தர முடியாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார். சம்பளத்தை உயர்த்து என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. துரையையும் கிராணியையும் வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடை ஏன் அந்தப் பட்டியலில் வந்தது என்று தோட்டத்தில் வாழ்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவார். சம்பள நாள் ராத்திரியில் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கேட்கும் வார்த்தைகள் அங்கிருந்துதான் கிளம்பி வந்தன.

அதனால்தான் "நம்ம பிள்ளைங்க வாயில கெட்ட வார்த்தை வரக்கூடாது" என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் ஒழுக்கப் பேச்சு இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்களுக்கு ஒரே முயற்சியின் இரண்டு பக்கம். அந்த மாமா "வாயைக் கழுவு" என்று சொன்னபோது உன் தண்ணீர்ப் புகாரை மறுக்கவில்லை. பெரட்டுக்களத்துச் சத்தம் படித்த பிள்ளையின் எழுத்தில் மறுபடி கேட்கிறதே என்று அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஆனால் பெரியவர்கள் யாருமே ஏசியதில்லை என்று நான் சொன்னால் அது பொய். லயத்தில் குழாயடிச் சண்டையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். "நாசமா போறவனே", "கட்டையில போறவனே" என்பதெல்லாம் பாட்டிமார்கள் வாயில் தாராளமாக வரும். அதே பாட்டி "சனியனே, சாப்டியா இல்லியா?" என்று கேட்பார், அதைவிடப் பாசமான கேள்வியை நான் கேட்டதில்லை. கழுதை, எருமை, மூதேவி எல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு வைத்த செல்லப் பெயர்கள் போலவே புழங்கின. அந்த ஏச்சுக்கு ஒரு முறை இருந்தது. பாட்டி பேரனை ஏசலாம், பேரன் பாட்டியை ஏச முடியாது. மாமன் மச்சான் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம், சம்பந்தி வீட்டார் எதிரில் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். புலனக் குழுவில் பாட்டி, பேரன், மச்சான், சம்பந்தி எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மச்சானுக்கு எழுதியதைச் சம்பந்தியும் படிக்கிறார். இணைய எழுத்தில் சிக்கல் வருவது முக்கால்வாசி இந்த இடத்தில்தான்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பாட்டியின் இறப்புச் செய்தி வந்தது. படம், சடங்கு நேரம், வீட்டு விலாசம். அதற்கு நேர் கீழே, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, ஒரு பையன் முந்தின ராத்திரி நடந்த காற்பந்து ஆட்டத்தைப் பற்றி "என்ன எழவு கேம்டா இது" என்று போட்டான். எழவு என்பது நாம் நாளைக்குப் பத்துத் தடவை சொல்லித் தேய்ந்த சொல். "ஒரு எழவும் புரியல" என்று ஆசிரியர் அறையில் நானே கேட்டிருக்கிறேன், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று காலை, அந்தப் படத்துக்குக் கீழே, தேய்ந்த சொல்லுக்குப் பழைய அர்த்தம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. செத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள். பையன் கெட்டவன் இல்லை, பார்த்ததும் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான், துக்கத்துக்கும் போய் நின்றான். வாயால் பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் நம்மை நிறுத்தும். எழுதும்போது அந்த முகம் இல்லை. அதனால் அனுப்பும் முன்னால் மேலே இருப்பதை ஒரு தடவை படித்துவிடு.

இனி எது வரைக்கும் போகலாம் என்ற பகுதி. நான் முதலில் பார்ப்பது, வார்த்தை விஷயத்தின் மேல் விழுகிறதா, ஆளின் மேல் விழுகிறதா என்பதை. "மூணு நாளா தண்ணி இல்ல, என்ன மயிருக்கு பில் மட்டும் கரெக்டா வருது" என்பது விஷயத்தின் மேல் விழுகிறது. கோபம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. இதையே "அந்த ஆபீசுல உக்காந்திருக்கிற நாயிங்களுக்கு ஒரு மயிரும் தெரியாது" என்று எழுதினால் ஆளின் மேல் விழுகிறது. நம்முடையது சின்ன ஊர். அந்த ஆபீசில் உட்கார்ந்திருப்பது குழுவில் இருக்கும் யாரோ ஒருவரின் மகளாக இருக்கும். அவருக்கும் வீட்டில் தண்ணீர் வந்திருக்காது. இரண்டாவது வாக்கியம் வந்ததும் பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு "யாரைடா நாய்ங்கிற" என்று மாறிவிடும். அன்றைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை தீராது, வேறொரு பிரச்சினை புதிதாக ஆரம்பமாகும்.

அடுத்ததாக, லேசான சொல் என்று நினைத்துக்கொண்டு நாம் எழுதும் சிலவற்றில் யாரையோ மிதிக்கும் சுமை ஒளிந்திருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கம்மனாட்டி என்பது கணவனை இழந்த பெண்ணைக் குறிக்கும் கைம்பெண்டாட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு தடியனைத் திட்ட ஒரு விதவையை இழுக்கிறோம். சாதிப் பெயரை வசவாக்குவது அதைவிடக் கொடுமை. நம் மொழியிலிருந்து போன ஒரு சாதிப்பெயர், மலாயிலும் ஆங்கிலத்திலும் "ஒதுக்கப்பட்டவன்" என்ற வசவாகவே நிலைத்துவிட்டது. 2011இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடமாக இருந்த ஒரு நாவலில் அந்தச் சொல் வந்ததற்காக நாடு முழுக்க நம் ஆட்கள் எதிர்த்து நின்றார்கள், அந்த ஆண்டு இறுதியில் நாவல் பாடத்திட்டத்தை விட்டு எடுக்கப்பட்டது. மற்றவர்கள் எழுதினால் ஊர்வலம் போகிறோம். அதே சொல்லை நாமே நம் குழுவில் ஒருவரை ஒருவர் ஏச எழுதினால் அதை லேசானது என்று எந்த வாயால் சொல்வது?

நம் பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று. "இவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்பது பேராக் முழுக்கச் சொல்லும் கிண்டல், மற்ற மாநிலங்களிலும் சொல்கிறார்கள். அங்கே 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. கோலாலம்பூரில் இருப்பவனுக்கு அது வெறும் பேர். நமக்கு அது ஈப்போ போகும் வழியில் இருக்கும் இடம். அங்கே வேலை பார்த்தவர்கள், அங்கே சிகிச்சை பெற்றுத் தேறி வந்தவர்கள் உள்ள குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்கள் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ ஒரு சிரிப்புப் படத்தோடு அந்தக் கிண்டலைப் போடும்போது எந்த வீட்டில் அது விழுகிறது என்று உனக்குத் தெரியவே தெரியாது. லூசு, மெண்டல் என்பவை கூட்டாளிகளுக்குள் தேய்ந்துவிட்டன, அவற்றுக்கு நான் போலீஸ் வேலை பார்க்க வரவில்லை. பெரிய அவையில் அந்தச் சொற்களும் வேண்டாம்.

மலாய்ச் சொற்களிலும் கவனம் வேண்டும். சியால் (சனியன் மாதிரி), போடோ (முட்டாள்), கிலா (பைத்தியம்) என்று தமிழுக்கு நடுவே சேர்த்து எழுதுவது உங்கள் வயதில் சர்வ சாதாரணம். வேறு மொழிச் சொல் என்பதால் நமக்கு அது லேசாகத் தெரிகிறது. அந்த மொழி பேசும் வீட்டில் சியால் நல்ல வார்த்தையில்லை, பெரியவர்கள் எதிரில் பிள்ளைகள் சொன்னால் ஏச்சு விழும். பன்னி விஷயம் இன்னும் நுட்பமானது. தமிழில் "போடா பன்னி" என்பது தம்பியைச் செல்லமாகக் கடிவது. அதையே மலாயில் பாபி என்று எழுதினால் முஸ்லிம் ஒருவர் அதைச் சமயத்தோடு சேர்த்துத்தான் படிப்பார். பள்ளிக் கூட்டாளிகள் குழுவில் எல்லா இனமும் இருக்கும். அங்கே தமிழ் அளவுகோலை வைத்து மலாய்ச் சொல்லை அளக்காதே.

அப்புறம் எழுத்துக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. பேச்சில் "போடா லூசு" என்று சொல்லும்போது குரல் வேலை செய்கிறது, சிரிப்பு வேலை செய்கிறது, தோளில் விழும் கை வேலை செய்கிறது. எழுத்தில் மிஞ்சுவது டா, டி, லா, பா போன்ற ஒட்டுகள் மட்டும்தான். நீங்கள் வாக்கியக் கடைசியில் லா போடுவதே பாதி நேரம் "கோபமில்லை, சும்மா சொல்கிறேன்" என்று காட்டத்தான் என்று நினைக்கிறேன். அது உன் வயதுக்காரனுக்குப் புரியும். ஐம்பதைத் தாண்டியவர் கண்ணில் அந்த ஒட்டு படாது, ஏச்சு மட்டும்தான் படும். டா, டி அதைவிட ஆபத்து. குரல் இல்லாமல் படித்தால் அவற்றில் மரியாதைக் குறைவு மட்டுமே தெரியும். கிண்டலடித்தே ஆக வேண்டும் என்றால் குரல் பதிவாக அனுப்பு, குறைந்தபட்சம் சிரிப்பாவது கேட்கும்.

எழுத்து வடிவமும் கனத்தை மாற்றுகிறது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும்போது ஏச்சு பேச்சுக்கு நெருக்கமாக, கொஞ்சம் லேசாகத் தெரியும். அதையே தமிழ் எழுத்தில் அடித்தால் அச்சில் ஏறியது போலப் பளிச்சென்று நிற்கும். கைப்பேசியில் தமிழ் அடிக்க நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினம் வந்து எத்தனையோ வருடமாகிறது, தமிழில் எழுதுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். தமிழ் எழுத்தில் எழுதும்போது சொல்லுக்குக் கூடுதல் எடை வருகிறது என்பதை மட்டும் நினைவில் வை.

நட்சத்திரக் குறி போட்டு நடு எழுத்தை மறைப்பது பற்றியும் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படிப்பவர் மனதில் முழுச் சொல்லும்தான் ஓடுகிறது, கூடவே "இது தப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்" என்ற அறிவிப்பும் சேர்ந்துகொள்கிறது. முகநூல் பக்கம் நடத்துபவர்கள் இன்னின்ன சொல் வந்தால் மறைத்துவிடு என்று பட்டியல் போட்டு வைக்க முடியும். ஆனால் மயிரு, மயிறு, மசுரு என்று ஒரே சொல்லுக்கே இத்தனை உருவம் இருக்கும்போது, ஆங்கில எழுத்துக் கூட்டல்களும் சேர்ந்தால் எந்தப் பட்டியலும் போதாது. எழுதுபவர் பார்த்து எழுதினால்தான் உண்டு.

மறைக்க வேண்டும் என்றால் தமிழில் அதற்கு அழகான வழிகள் இருக்கின்றன. மண்ணாங்கட்டி இருக்கிறது. புடலங்காய் இருக்கிறது. வெங்காயம் இருக்கிறது, பெரியார் மேடைக்கு மேடை சொன்ன சொல். "பெரிய வெங்காயம்" என்று அவர் சொன்னால் கூட்டம் ஆர்ப்பரிக்கும், எதிராளிக்கும் உறைக்கும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் எதிரில் சொல்லிச் சிரிக்கவும் முடியும். பொது எழுத்தில் காரம் வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கெட்ட வார்த்தை கோபத்தின் அளவைத்தான் காட்டும், கோபத்தின் காரணத்தைக் காட்டாது. வெங்காயம் என்று எழுதும்போது மிச்ச வேலையை வாக்கியம் செய்தாக வேண்டும், எழுதுகிறவன் யோசித்தாக வேண்டும்.

அதற்காக ஏசவே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஏசுவதற்கு ஒரு பயன் உண்டு. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தினர் 2009இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிடக் கெட்ட வார்த்தை சொன்னபோது கூடுதல் நேரம் வலியைத் தாங்கினார்கள். அதே குழுவின் பிந்தைய சோதனையில், அன்றாடம் நிறைய கெட்ட வார்த்தை பேசுபவர்களுக்கு அந்தப் பலன் குறைவாகவே கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அதே வார்த்தையைப் போட்டுக்கொண்டிருந்தால், உண்மையாகவே வயிறு எரியும் நாளில் எழுத உன்னிடம் வார்த்தை மிச்சமிருக்காது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு ஆபாசமான, மிரட்டும், புண்படுத்தும் செய்திகளைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், புண்படுத்தும் என்ற இடத்தில் மிகக் கடுமையாகப் புண்படுத்தும் என்று மாற்றியது, அதோடு அபராத உச்சவரம்பை 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500,000 வெள்ளிக்கும், சிறையை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கும் உயர்த்தியது. தண்ணீர் பில்லைப் பற்றி நீ எழுதிய வரிக்கும் இதற்கும் தூரம் அதிகம், பயப்படாதே. ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு ஏசுவது இதற்குள் வரலாம்.

அந்தத் தூரம் எவ்வளவு சீக்கிரம் குறையும் என்று நம் சமூகத்துக்குத் தெரியும். 2024 ஜூலையில், டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், இணைய ஏச்சையும் மிரட்டலையும் தாங்க முடியாமல் உயிரை விட்டார். ஏசியவர்களும் நம் மொழியில்தான் ஏசினார்கள். ஒருவருக்குச் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் 100 வெள்ளி அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. பிறகு குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கென்று (ஒருவரை மிரட்டி, ஏசித் துன்புறுத்துவதற்கென்று) தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஒருவர் "போடி லூசு" என்று போட்டால் அது லேசான வார்த்தையாக இருக்கலாம். அதையே இருநூறு பேர் ஒரே பெண்ணின் படத்துக்குக் கீழே போட்டால் அதில் லேசானது ஒன்றுமே இல்லை. தான் எழுதியது ஒரு வரிதானே என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். வாங்குபவருக்கு அது இருநூறு வரி.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், நீ கேட்காவிட்டாலும். நீ எழுதிய அதே வரியை உன் தங்கை எழுதியிருந்தால் "வாயைக் கழுவு" என்பதோடு நின்றிருக்காது. "வளர்த்த லட்சணம்" என்று அம்மா வரைக்கும் போயிருக்கும். பையன் எழுதினால் கோபம், பெண் எழுதினால் குணக்கேடு என்ற அளவுகோல் நியாயமே இல்லை. குழுவில் கட்டுப்பாடு வைத்தால் மாமாவுக்கும் மருமகளுக்கும் ஒரே கட்டுப்பாடு வையுங்கள். தலைவர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதும் மாமாமார்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் தூக்கச் சொல்வதில்லை.

உன்னைக் குழுவை விட்டுத் தூக்கச் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒரு வார்த்தைக்காக ஒரு பிள்ளையை ஊர்ச் செய்தியிலிருந்து வெட்டிவிடக் கூடாது. 2022இலிருந்து புலனத்தில் குழு நிர்வாகி ஒரு பதிவை மட்டும் எல்லாருக்கும் அழிக்க முடியும், அது போதும். நிர்வாகிகள் இதில் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு பக்கத்தையோ குழுவையோ நிர்வகிப்பவராகப் பெயர் உள்ளவரே அதில் வந்ததை வெளியிட்டவர் என்று முதலில் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது.

நீ செய்ய வேண்டியது இது. அந்த மாமாவுக்குத் தனியாக ஒரு செய்தி போடு, குழுவில் வேண்டாம். "மாமா, கோபத்துல எழுதிட்டேன், அந்த வார்த்தையை எடுத்துடுறேன், தண்ணி விஷயத்துல நீங்களும் கூட நிக்கணும்" என்று எழுது. அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்த முடியும், அது தாண்டிவிட்டதால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு. புதியதில் எந்த நாளிலிருந்து தண்ணீர் இல்லை, எந்தெந்த வரிசை வீடுகளில் இல்லை, பில்லில் எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுது. பில்லைப் படம் எடுத்துப் போடும்போது கணக்கு எண்ணை மறைத்துவிடு. கடைசியில் "தண்ணி வரல, பில் மட்டும் வருது, இது என்ன வெங்காயக் கணக்கு?" என்று முடி. மாமாவே அதை மற்ற குழுக்களுக்கு அனுப்பி வைப்பார். கூட்டாளிகள் குழுவில் நீ என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை, அங்கிருந்து இங்கே எதையும் அப்படியே பகிராமல் பார்த்துக்கொள்.